சரக்கு என்னும் கட்டம்

பாம்பன் துறைமுக அலுவலகத்தில் எனக்கொரு பேரேடு உண்டு.
கப்பலின் பெயர், கொடி, நீளம், மிதவை ஆழம்,
எங்கிருந்து, எங்கே, சரக்கு.
இழுவைப் படகு, மணல் தோண்டி, பணக்காரர் பாய்மரம்
எல்லாம் இந்த ஏழு கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

தை அமாவாசைக்கு முந்தின நாள்
பாலத்துக்கு வடக்கே வந்து நங்கூரமிட்டவை இரண்டு ரோந்துக் கப்பல்கள்.
கொல்கத்தாவில் கட்டியது. பெயிண்ட் வாசம் கரைவரைக்கும்.
கொடியை நான் பார்த்ததில்லை.
அட்லஸில் தேடினால் அந்த நாடு
இரண்டு பக்கம் சேரும் மடிப்புக்குள் விழுந்து கிடந்தது.

லெப்டினன்ட் ஒருவர் ரப்பர் படகில் வந்தார்,
வெள்ளைச் சட்டையில் ஒரு கருவாட்டு ஈ.
அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் பாதி வழியில் சந்தித்தன.
எங்கள் கடற்படை மொத்தம் ஆறு கப்பல், என்றார், இந்த இரண்டையும் சேர்த்து.
ஒன்றுக்கு கியர்பாக்ஸ் கோளாறு,
ஒன்று சம்பளத் தகராறில் கட்டிக் கிடக்கிறது.
நீர்மூழ்கி? என்றேன்.
சும்மாதான் கேட்டேன், படிவத்தில் அப்படியொரு கட்டம் இல்லை.
இருக்கிறது, அமைச்சரின் மேஜைமேல், கண்ணாடிப் பெட்டிக்குள்.
முழங்கைவரை நீளம் காட்டினார்.

வழிகாட்டிப் படகுக்கார ரெக்சன் சிரித்தார்.
நம்ம கடலுக்குக் கொண்டுவந்தா அதுக்கு முதுகு காயும்.
ஏழெட்டுப் பாகம் கண்டால் அதிகம்.
இங்கே முங்கத் தெரிஞ்சது ஆவுளியா ஒண்ணுதான்,
அதுவும் மூச்சுக்கு மேலே வந்தாகணும்.

மத்தியானம் புஷ்பலீலா வந்தாள்,
தங்கச்சிமடத்திலிருந்து, பஸ்ஸில் நின்றபடியே.
சாம்பல் கலர் கப்பல் வந்திருக்காமே, அவங்களா?
ஆளைக் கொண்டாந்திருக்காங்களா?
கார்த்திகையில் கடலில் பிடித்துப்போன படகில்
அவள் புருஷன் லொயோலாவோடு நாலு பேர்.
இல்லை, இது வேறு நாடு, கொடியைப் பார், என்றேன்.
கொடி எனக்குத் தெரியாதுக்கா.
கலர் ஒண்ணுதானே.

ஒன்றுதான்.
ஏதோவொரு தொழிற்சாலை எல்லா நாட்டுக்கும்
ஒரே டின்னில் அடைத்து விற்கிறது போல.

வாசலில் தண்ணீர் கேன்களை எண்ணிக்கொண்டிருந்தார் லெப்டினன்ட்.
அவரைப் பார்த்தபடி என்னிடம் கேட்டாள்:
கப்பலுக்குக் கப்பல் வயர்லெஸ்ல பேசிக்கிடும்ல?
இவுக கேட்டா அவுக சொல்லுவாகல்ல,
சுகர் மாத்திரை போடுறாரான்னு, அது மட்டும்.

அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.
கேன் இருநூற்றுப் பத்து, சரிதானே, என்று கேட்டேன்.

மூன்றாம் நாள், நீர் ஏற்றத்தில், ரயில்பாலம் தூக்கியது.
ரோட்டுப் பாலத்தில் பஸ்கள் நின்றன.
கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு ஜனம்.
ரெக்சன் படகுக்குப் பின்னால்
கயிறு கட்டாத எருமையாய் வந்தது முதல் கப்பல்.
பையன்கள் வரிசையாய் நின்று சல்யூட் அடித்தார்கள்,
யாருக்கென்று தெரியவில்லை.
எனக்கு நாலு ஆள் தள்ளி புஷ்பலீலா.
கொடியையோ பீரங்கியையோ அவள் பார்க்கவில்லை,
உச்சியில் சுற்றிக்கொண்டே இருந்த அந்தக் கம்பியை,
அது தெற்கே சின்னதாகும்வரைக்கும்.

சரக்கு: இல்லை.
அப்படித்தான் எழுதினேன், இரண்டுக்கும்.
பீரங்கி சரக்கில் சேராதாம், மாட்டுக்குக் கொம்பு மாதிரி,
மேலதிகாரி சொன்னார்.

இப்போதும் வெள்ளிக்கிழமை வருகிறாள்.
சாம்பல் கலர் ஏதும் வந்துச்சாக்கா?
மணல் தோண்டிதான், மஞ்சள், என்பேன்.

கட்டணத்தில் மிச்சம் நாற்பது ரூபாய் கொடுத்திருக்க வேண்டும்.
சில்லறை மாற்றி வருவதற்குள் குந்துகால் தாண்டிவிட்டார்கள்.
கவரில் போட்டு, குண்டூசி குத்தி, மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.
ஆடிட்டில் கேட்டால் என்ன சொல்ல?
ஆறு கப்பலும் ஒரு கண்ணாடிப் பெட்டியும் உள்ள தேசத்துக்கு
நான் நாற்பது ரூபாய் தரணும்.